கேம் வெளியாகும் நாளிலேயே கூடுதல் காசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய கேம் ஒன்று வெளியாகும்போதெல்லாம் நண்பர்களிடமிருந்து எனக்கு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. கேமை முழு விலைக்கு விற்றுவிட்டு, அதே நாளில் அதன் இன்னொரு துண்டைத் தனி விலைக்கு விற்பது நியாயமா என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதுவதைவிட ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது நல்லது என்று இதைத் தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

டிஎல்சி, டே ஒன் டிஎல்சின்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

கேமுடன் சேராமல், தனியாகத் தரவிறக்கிச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதிதான் டிஎல்சி. ஒரு சட்டை, ஒரு துப்பாக்கி, ஒரு கதாபாத்திரம், ஆடும் களங்களான சில வரைபடங்கள், இருபது மணி நேரம் ஓடும் புதுக் கதை என்று எல்லாமே இந்த ஒரே பெயரில்தான் விற்கப்படுகின்றன. இதைப் பற்றிய சண்டைகளில் பாதி, ஒருவர் சட்டையையும் இன்னொருவர் கதையையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருபவை. கேம் வெளியாகும் அதே நாளில் டிஎல்சியும் விற்பனைக்கு வந்தால் அதை டே ஒன் டிஎல்சி என்கிறோம்.

2006 ஏப்ரலில் பெதஸ்டா நிறுவனம் ஆப்லிவியன் கேமில் குதிரைக்குப் போடும் கவசத்தை 2.50 டாலருக்கு விற்றது. விளையாடுபவர்கள் அதைக் கேலி செய்தார்கள், ஆனாலும் அது விற்றது. அந்தக் கவசம் கேம் வெளியாகிச் சில வாரங்கள் கழித்து வந்தது. அடுத்த சில வருடங்களில் அந்த இடைவெளியும் இல்லாமல் போனது.

டே ஒன் பேட்ச்சும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லை. பேட்ச் என்பது பிழைகளைச் சரிசெய்ய இலவசமாக வருவது. அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். இரண்டும் முதல் நாளே தரவிறங்குவதால் குழப்பம் வருகிறது, அவ்வளவுதான்.

முழு விலை கொடுத்துத்தானே வாங்குறேன்? அப்புறம் எதுக்கு முதல் நாளே இன்னும் காசு?

நிறுவனங்கள் சொல்லும் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. ஒரு பெரிய கேமில் எல்லோருடைய வேலையும் ஒரே நாளில் முடிவதில்லை. கதை எழுதுபவர்கள், ஓவியர்கள், கதாபாத்திரங்களை வடிவமைப்பவர்கள் ஆகியோரின் வேலை முன்பே முடிந்துவிடும். அதற்குப் பிறகு பிழை திருத்தம், சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் நடத்தும் தரச் சோதனை, டிஸ்க் அச்சடிப்பு, கடைகளுக்கு அனுப்புவது என்று காலம் ஓடும். மாஸ் எஃபெக்ட் 3 கேமின் டே ஒன் டிஎல்சி சர்ச்சையின்போது (அது கீழே வருகிறது) அந்தக் கேமை உருவாக்கிய பயோவேர் தரப்பு இதற்குச் சுமார் மூன்று மாதம் ஆகும் என்று விளக்கியது. அந்த நேரத்தில் கை ஓய்ந்த குழுவுக்கு டிஎல்சி வேலை கொடுக்கப்படுகிறது. டிஎல்சியை டிஸ்க்கில் அச்சடிக்க வேண்டியதில்லை, சோதனையும் சீக்கிரம் முடிகிறது. அதனால் கேமுக்குப் பின்னால் தொடங்கியது கேமோடு சேர்ந்து வந்து நிற்கிறது.

அந்தக் காரணத்தை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பார்க்க வேண்டும். வேலை எப்போது நடந்தது என்பதற்கு அது நல்ல பதில். இந்தப் பகுதியைத் தனி விலைக்கு விற்பது சரியா என்பதற்கு அது பதிலே இல்லை.

குழு அந்த மூன்று மாதத்தில் உழைத்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கதாபாத்திரத்தைக் கேமில் சேர்க்காமல் தனியாக விற்கலாம் என்ற முடிவை யாரோ திட்டமிடும் கட்டத்திலேயே எடுத்திருப்பார்கள். வேலைக்கு ஆள் ஒதுக்கியது, பட்ஜெட் போட்டது, விலை கூடிய கலெக்டர்ஸ் எடிஷன் பெட்டியில் அதைப் பற்றி அச்சடித்தது எல்லாம் கடைசி நிமிடத்தில் தோன்றியவை அல்லவே. நான் கேள்வி கேட்பது அந்த முடிவைப் பற்றி. உழைத்தவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

அப்போ கேம்ல இருந்து வெட்டி எடுத்துத் தனியா விக்கிறாங்கன்னு சொல்றது உண்மையா, பொய்யா?

எல்லாக் கேமிலும் வெட்டுகிறார்கள். நேரம் போதாமல், சுவாரசியம் குறைந்து, கதையோடு ஒட்டாமல் எத்தனையோ பகுதிகள் தூக்கி எறியப்படுகின்றன. அவற்றில் ஒன்றைப் பிறகு எடுத்து முடித்து விற்றால் அது திருட்டு ஆகாது. ஆகவே வெட்டினார்களா என்று துப்பறிவதில் பயன் குறைவு. வெட்டியபின் மிச்சம் இருப்பது முழுசாக நிற்கிறதா என்று பார்ப்பதே உதவும்.

மாஸ் எஃபெக்ட் 3 இதற்குச் சரியான உதாரணம். 2012 மார்ச்சில் கேம் வெளியான அன்றே ‘ஃப்ரம் ஆஷஸ்’ என்ற டிஎல்சி 10 டாலருக்கு வந்தது. அதில் கிடைப்பவர் ஜாவிக் என்ற கூட்டாளி. புரோத்தியன் இனத்தில் உயிரோடு இருக்கும் கடைசி ஆள். 2007-இல் வந்த முதல் கேமிலிருந்தே கதை முழுவதும் அந்த அழிந்துபோன இனத்தின் தடயங்களைத் தேடித்தான் ஓடுகிறது. அவர்கள் விட்டுப்போன கருவிகள், எச்சரிக்கைகள், சிதைந்த நகரங்கள் என்று ரசிகர்கள் ஐந்து வருடம் அதிலேயே ஊறியிருந்தார்கள். கடைசிப் பாகத்தில் அந்த இனத்தவர் ஒருவர் நேரில் வந்து பேசப்போகிறார், அதற்குத் தனிக் காசு என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அவர் இல்லாமலும் கேம் முடிவு வரை ஓடும் என்பது உண்மை. ஓடும், ஆனால் குறையோடு ஓடும். அந்தத் தொடரை முதலிலிருந்து விளையாடியவருக்கு அந்தக் குறை நன்றாகவே தெரியும். நிறுவனம் அந்தப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்ததும், ரசிகர்களால் விட முடியாத ஆள் அவர் என்பதால்தான் என்று நினைக்கிறேன்.

நியாயம், அநியாயம்னு நீங்க எப்படிப் பிரிக்கிறீங்க?

இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். கூடுதல் பகுதியை வாங்காதவர் கையில் இருப்பது, அவருக்கு விளம்பரத்தில் காட்டிய அந்த முழுக் கேம்தானா? தனியாகக் காசு கேட்கப்போவது எது, எவ்வளவு என்று பணம் கட்டும் முன்பே அவருக்குத் தெரிந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால், முதல் நாளே விற்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

2009-இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் கேமில் இரண்டு விதமும் இருந்தன. ஷேல் என்ற, நடமாடும் கற்சிலைக் கூட்டாளி, புது டிஸ்க் வாங்கிய எல்லோருக்கும் பெட்டியில் இருந்த குறியீடு வழியாக இலவசம். பழைய டிஸ்க் வாங்கியவர்களுக்கு 15 டாலர். முழு விலை கொடுத்தவருக்குக் கையில் வந்துசேர்ந்ததால் இதை ஏற்கலாம். அதே கேமில் ‘வார்டன்ஸ் கீப்’ என்ற 7 டாலர் டிஎல்சி வேறு மாதிரி நடந்துகொண்டது. நம் முகாமுக்குள்ளேயே ஒருவர் நின்றுகொண்டு உதவி கேட்பார். சரி என்று பேசப் போனால், இதற்கு மேல் போக வாங்க வேண்டும் என்று திரையில் வரும். பொருட்களைப் போட்டு வைக்கும் பெட்டியும் அந்த டிஎல்சியோடுதான் வந்தது. பை நிறைந்து தவிக்கும் ஒரு கேமில் அந்தப் பெட்டி அத்தியாவசியம். கதைக்குள் மூழ்கியிருக்கும் ஒருவரிடம் கதாபாத்திரத்தின் வாயாலேயே விற்பனை பேச வைத்ததைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

டிஸ்க்லயே இருக்கே! ஏற்கெனவே என் கையில இருக்கிறதைத் திறக்கக் காசா?

இந்தக் கோபம் 2012-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் கிராஸ் டெக்கென் கேமால் பெரிதாக வெடித்தது. டிஸ்க்கிற்குள் பன்னிரண்டு சண்டைக்காரர்கள் பூட்டி வைக்கப்பட்டிருந்ததைக் கோப்புகளைத் தோண்டிய ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்களைத் திறக்கப் பின்னர் 20 டாலர் கேட்கப்பட்டது. கேமை உருவாக்கிய கேப்காம் சொன்ன காரணம், அந்தப் பாத்திரத்தை வாங்கியவரும் வாங்காதவரும் எதிரெதிரே மோத வேண்டுமென்றால் இருவர் டிஸ்க்கிலும் தரவு இருக்க வேண்டும் என்பது. சண்டை கேமில் அது நியாயமான தொழில்நுட்பக் காரணம்தான்.

என் கருத்து பலருக்குப் பிடிக்காது: கோப்பு எங்கே இருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை. அதே பன்னிரண்டு பேரை டிஸ்க்கில் வைக்காமல் சர்வரிலிருந்து தரவிறக்க வைத்திருந்தால் வாங்குபவருக்கு என்ன கூடியிருக்கும்? ஒன்றுமில்லை. மாஸ் எஃபெக்ட் 3-இலும் ஜாவிக்கின் சில கோப்புகள் டிஸ்க்கில் இருந்தன, மீதி 600 எம்பிக்கு மேல் தரவிறங்கியது. அந்த விகிதம் மாறினால் நியாயம் மாறிவிடுமா? டிஸ்க்கில் இருப்பது நமக்கு ஒன்றை மட்டும் நிரூபிக்கிறது. வெளியீட்டுக்கு முன்பே அந்த வேலை முடிந்துவிட்டது, அதாவது ‘பிறகு உழைத்து உருவாக்கினோம்’ என்ற விளக்கம் அங்கே செல்லாது.

டிஸ்க் வாங்குனது நான். பூட்டை உடைச்சுத் திறந்துகிட்டா தப்பா?

சட்டப்படி நீங்கள் வாங்கியது பிளாஸ்டிக் வட்டையும், அதிலிருப்பதைக் குறிப்பிட்ட விதத்தில் பயன்படுத்தும் உரிமத்தையும்தான். பூட்டிய பகுதி அந்த உரிமத்தில் வராது. ஆன்லைனில் அப்படி விளையாடினால் கணக்கை முடக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது.

மனசாட்சிப்படி கேட்டால், நான் செய்ய மாட்டேன். விலை அநியாயம் என்று தோன்றினால் வாங்காமல் இருப்பதே என் வழி. டிஜிட்டல் கடைகளில் ‘வாங்கு’ என்று அழுத்துவதும் உரிமம் பெறுவதுதான். இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் போட்ட சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வெளிப்படையாகச் சொல்வதை நோக்கி அது ஒரு நல்ல அடி.

அதே நாள்ல வந்தா திட்டுறோம், மூணு மாசம் கழிச்சு வந்தா சந்தோஷமா வாங்குறோம். இது என்ன நியாயம்?

நியாயமே இல்லை. எனக்கு வந்ததிலேயே சிறந்த கேள்வி இதுதான். முதல் நாளே தயாராக இருக்கும் ஒரு பகுதியை, திட்டு வாங்காமல் இருக்க அலமாரியில் மூன்று மாதம் வைத்திருந்து பிறகு வெளியிட்டால், நமக்குக் கிடைப்பது அதே பொருள், அதே விலை, கூடவே மூன்று மாதத் தாமதம். தேதியை மட்டும் பார்த்துக் கோபப்பட்டால், நிறுவனங்கள் தேதியை மட்டும் மாற்றிக்கொள்வார்கள்.

அதற்காகத் தேதிக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று சொல்லவில்லை. எல்டன் ரிங் கேமின் பெரிய விரிவாக்கம் கேம் வெளியாகி இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து, 2024 ஜூனில் வந்தது. அதைப் பார்த்து யாரும் ‘வெட்டி எடுத்தது’ என்று சொல்ல முடியாது. இடையில் எல்லோரும் முதல் கேமை முடித்து, நிறைவாக விளையாடியிருந்தார்கள். முழுமையாக இருந்தது என்பதை நாமே அனுபவித்து உறுதி செய்துகொள்ள அந்தக் காலம் உதவுகிறது. முதல் நாளில் அந்த வசதி இல்லை, நிறுவனத்தின் வார்த்தையை நம்பித்தான் ஆக வேண்டும்.

கதையோட முடிவையே தனியா வித்திருக்காங்களாமே?

ஆமாம். 2012-இல் வந்த அசுராஸ் ராத் கேமின் உண்மையான முடிவு, பிறகு வந்த டிஎல்சியில்தான் இருந்தது. 2008-இன் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா முடிந்த விதத்துக்குத் தொடர்ச்சியாக ஒரு பின்கதை தனியாக விற்கப்பட்டது. கணினியில் வாங்கியவர்களுக்கு அது வரவே இல்லை.

இவை இரண்டும் முதல் நாளில் வந்தவை அல்ல. ஆனாலும் முடிவைத் தனியே விற்றதை ஜாவிக் விஷயத்தைவிட மோசமாகவே நான் பார்க்கிறேன். நியாயம் பிரிக்க நான் கேட்கும் முதல் கேள்வியிலேயே அது தோற்றுவிடுகிறது.

கேம் செய்ய இப்போ கோடிக்கணக்குல செலவாகுதே. விலை மட்டும் அப்படியே இருந்தா அவங்க என்ன செய்வாங்க?

இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தக் கூடாது. பெரிய கன்சோல் கேம்களின் விலை 2005 வாக்கில் 60 டாலர் ஆனது. 2020 வரை அங்கேயே நின்றது, அப்புறம்தான் 70 ஆனது. பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தால் 2005-இன் 60 டாலர் 2020-இல் 80 டாலரை நெருங்கும். அதாவது கேம் உண்மையில் மலிவாகிக்கொண்டே வந்தது. செலவோ ஏறியது. 2023-இல் அமெரிக்க நீதிமன்ற வழக்கு ஒன்றில் சரியாக மறைக்கப்படாத ஆவணத்தால் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்குச் சுமார் 22 கோடி டாலர் செலவானது வெளியே தெரிந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. வாங்குபவர்களின் எண்ணிக்கை இந்தக் காலத்தில் பல மடங்கு கூடியிருக்கிறது. டிஜிட்டல் விற்பனையில் டிஸ்க், பெட்டி, லாரி எதுவும் இல்லை. ஸ்டீம் என்ற கணினி கேம் கடை வழக்கமாக எடுக்கும் 30 சதவீதப் பங்கைக் கழித்தாலும் கூடுதல் பிரதி ஒன்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

செலவு உண்மை என்றால் விலையை வெளிப்படையாக ஏற்றலாம். 70 என்று சொல்லி 70 வாங்குவது எனக்கு வலித்தாலும் மதிப்பேன். 60 என்று சொல்லிவிட்டு, 75 கொடுத்தால்தான் முழுசு என்று உள்ளே போனபிறகு புரியவைப்பது வேறு. விலை ஏறிய பிறகும் டே ஒன் டிஎல்சி குறையவில்லை என்பதையும் கவனித்துப் பாருங்கள்.

வெறும் டிரெஸ், ஸ்கின்தானே? அதுக்கும் கோபப்படணுமா?

பெரிதாகத் தேவையில்லை. விளையாட்டை மாற்றாத உடைகளை முதல் நாள் விற்றாலும் நான் கண்டுகொள்வதில்லை. முன்பு விளையாடி ஜெயித்துத் திறந்த உடைகள் இப்போது கடையில் தொங்குவது வருத்தம்தான். இலவச கேம்களில் அதுவே அவர்களுடைய வருமானம், அங்கே புகாருக்கே இடமில்லை.

கேமுக்குள்ளேயே கிடைக்கிற பொருளைத்தான் காசுக்கும் விக்கிறாங்க. வேணும்னா வாங்கு, இல்லைன்னா விடு. என்ன பிரச்சினை?

2024 மார்ச்சில் டிராகன்ஸ் டாக்மா 2 வந்தபோது இதே வாதம் நடந்தது. செத்தவரை எழுப்பும் கல், வேகமாகப் பயணிக்க உதவும் கல், தோற்றத்தை மாற்றும் பொருள் ஆகியவை முதல் நாளே கடையில் இருந்தன. எல்லாம் கேமுக்குள்ளும் கிடைக்கும் என்று கேப்காம் விளக்கியது, அது உண்மையும்கூட. ஆனால் வேகப் பயணத்தை வேண்டுமென்றே அரிதாக்கி, நடந்து போவதையே சுவையாக வைத்த கேம் அது. அப்படிப்பட்ட கேமின் பக்கத்திலேயே அந்தச் சிரமத்தைக் குறைக்கும் பொருளை விற்றால், இந்தச் சிரமம் எனக்காக வைத்ததா, கடைக்காக வைத்ததா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. கேமை உருவாக்கியவர்கள் நேர்மையாகவே வடிவமைத்திருக்கலாம். ஆனால் சந்தேகம் ஒருமுறை புகுந்தால் அந்த நடையின் சுவை போய்விடும்.

2017-இல் இரண்டு கேம்கள் இந்தப் பாடத்தைக் கடினமான வழியில் கற்றன. ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2-இல் டார்த் வேடரைத் திறக்க 60,000 கிரெடிட் (கேமுக்குள் சேர்க்கும் நாணயம்) வேண்டும் என்று இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 15,000 ஆக்கினார்கள். அப்படியும் அடங்காததால் வெளியீட்டுக்குச் சற்று முன்பு கேமுக்குள் காசுக்கு விற்பதையே நிறுத்தினார்கள். ஷேடோ ஆஃப் வார் கேம், வெளியாகி ஒரு வருடத்துக்குள் தன் கடையை முழுசாக எடுத்துவிட்டது.

மல்டிபிளேயர்ல இது இன்னும் மோசமா?

ஆமாம், ஏனென்றால் பலர் சேர்ந்து ஆடும் கேமில் வாங்காதவர் மட்டும் இழப்பதில்லை. வரைபடங்களைக் காசுக்கு விற்றால் விளையாடுபவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிகிறார்கள், இரண்டு பக்கமும் ஆள் குறைகிறது. முதல் டைட்டன்ஃபாலில் வரைபடங்களுக்குக் காசு கேட்டவர்கள், 2016-இல் வந்த டைட்டன்ஃபால் 2-இல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

2015 பிப்ரவரியில் வந்த எவால்வ் கேம், வரைபடங்களை இலவசம் என்றுதான் சொன்னது. ஆனால் முதல் நாளே கடையில் குவிந்திருந்த ஸ்கின்களும், முன்பதிவு செய்யாதவர்களுக்கு 15 டாலர் ஆன ஒரு ராட்சதனும்தான் பேச்சாயின. அடுத்த வருடமே அதை இலவச கேமாக மாற்றினார்கள். காரணங்கள் பல இருந்தாலும், முதல் வாரத்தில் கிளம்பிய அந்தக் கெட்ட பெயர் கடைசிவரை போகவில்லை.

பிரீ-ஆர்டர் பண்ணா அந்த டிஎல்சி இலவசம்ங்கிறாங்க. நமக்கு லாபம்தானே?

டிஎல்சியின் விலை மிச்சமாகிறது, உண்மை. பதிலுக்கு நீங்கள் கொடுப்பது, ரெவ்யூ வரும்வரை பொறுத்திருக்கும் உரிமை. கேம் நன்றாக இல்லாவிட்டால் இழப்பு அந்த 10 டாலரைவிடப் பெரிது.

டோட்டல் வார்: வார்ஹேமர் 2016-இல் வந்தபோது கேயாஸ் படை முன்பதிவு செய்தவர்களுக்கும் முதல் வாரத்தில் வாங்கியவர்களுக்கும் இலவசம், மற்றவர்களுக்குக் காசு. அதே படை எல்லோருடைய கேமிலும் எதிரியாக வந்து அடிக்கும், நாமாக எடுத்து ஆடத்தான் முடியாது. அதே வருடம் டியூஸ் எக்ஸ்: மேன்கைண்ட் டிவைடட் கொடுத்த முன்பதிவுப் பரிசுகள் ஒரே ஒரு முறை பயன்படுத்தக்கூடியவை. மறுபடி முதலிலிருந்து ஆடினால் கிடையாது. வாங்க அவசரப்படுத்துவதுதான் இந்தப் பரிசுகளின் வேலை. அந்த அவசரம் வாங்குபவருக்கு ஒருநாளும் நன்மை செய்ததில்லை.

சில நாள் முன்னாடியே விளையாட டீலக்ஸ் எடிஷன் வாங்கலாமா?

வேண்டாம் என்பேன். 2023-இல் ஸ்டார்ஃபீல்டை விலை கூடிய பதிப்பு வாங்கியவர்கள் செப்டம்பர் 1-இல் ஆடத் தொடங்கினார்கள், மற்றவர்கள் 6-ஆம் தேதி. டிஎல்சியிலாவது யாரோ உழைத்த ஒரு பொருள் இருக்கிறது. இங்கே விற்பது, தயாராக இருக்கும் கேமுக்காக மற்றவர்களைக் காத்திருக்க வைப்பதை மட்டும்தான். இந்தப் பக்கத்தில் வரும் எல்லா வழக்கங்களிலும் இதற்கு ஆதரவாகச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சீசன் பாஸ் முதல் நாளே வாங்கலாமா?

பின்னால் வரப்போகும் டிஎல்சிகளுக்கு, அதாவது இன்னும் உருவாகாத பொருளுக்கு, மொத்தமாகக் கட்டும் முன்பணம் அது. உள்ளே என்ன, எப்போது வரும் என்று எழுதியிருந்தால் மட்டும் யோசியுங்கள். 2024 இறுதியில் ஸ்டீம் இதையே விதியாக்கியது: சீசன் பாஸில் என்னென்ன, எந்தக் காலத்தில் வரும் என்று பட்டியலிட வேண்டும், சொன்னதை ரத்து செய்தால் பணத்தைத் திருப்ப வேண்டும்.

பழைய டிஸ்க் விற்பனையைத் தடுக்கத்தான் இதெல்லாம் வந்துச்சாமே?

ஓரளவுக்கு ஆமாம். இரண்டாம் கை டிஸ்க் விற்றால் கேம் செய்தவருக்குக் காசு போகாது. அதனால் 2010 வாக்கில் ஈஏ போன்ற நிறுவனங்கள் புது டிஸ்க்கோடு ஒருமுறைக் குறியீட்டைக் கொடுத்தன, பழையது வாங்கினால் 10 டாலர் வரை தனி. 2011-இல் பேட்மேன்: ஆர்க்கம் சிட்டியில் கேட்வுமன் பகுதி அப்படித்தான் பூட்டப்பட்டது. ஷேலின் கதையும் இதுவே. ஆன்லைன் பாஸ் என்ற இந்தக் குறியீட்டு முறையை ஈஏ 2013-இல் கைவிட்டது. இன்று பெரும்பாலும் டிஜிட்டலாகவே வாங்குகிறோம், அதைப் பிறருக்கு விற்கவே முடியாது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது.

ரெவ்யூ எல்லாம் பார்த்துத்தான் வாங்குனேன். பிறகு கடையைச் சேர்த்துட்டாங்க. இதை என்ன சொல்வீங்க?

2019 ஜூனில் வந்த கிராஷ் டீம் ரேசிங் நைட்ரோ-ஃபியூவல்டு அப்படித்தான். வாங்கும்போது கேம் நாணயத்தைக் காசுக்கு விற்கும் வழி இல்லை. ரெவ்யூக்கள் அதை நல்லதாகக் குறிப்பிட்டன. ஆகஸ்ட்டில் அது சேர்க்கப்பட்டது.

நியாயம் பிரிக்க நான் கேட்கும் இரண்டாவது கேள்வியில் இது நேரடியாகத் தோற்கிறது. பணம் கட்டும் முன்பு தெரிந்ததா? தெரியவில்லை. முதல் நாளே எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி விற்கும் டிஎல்சி இதைவிட எவ்வளவோ மேல். பிடிக்காதவர் குறைந்தபட்சம் ஒதுங்கவாவது முடியும்.

வாங்கிட்டேன், பிடிக்கலை. காசு திரும்ப வருமா?

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேட்கலாம். டிஎல்சிக்கும் 14 நாள்தான், அதை வாங்கியபின் மூல கேமை இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருக்க வேண்டும். அந்தப் பொருளைப் பயன்படுத்தித் தீர்த்திருக்கவும் கூடாது. டீலக்ஸ் எடிஷனில் முன்கூட்டியே ஆடும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும். பிளேஸ்டேஷன் கடையில் தரவிறக்கத் தொடங்கினாலே பொதுவாக வாய்ப்பு போய்விடும். அதனால் அங்கே வாங்கியதும் தரவிறக்க அவசரப்படாதீர்கள்.

கேம் ரொம்பப் பிடிச்சிருக்கு, டே ஒன் டிஎல்சி மட்டும் பிடிக்கலை. கேமை வாங்கிட்டு அதை விட்டாப் போதுமா, மொத்தமா ஒதுக்கணுமா?

பெரும்பாலும் கேமை வாங்கிவிட்டு டிஎல்சியை விடுவதே சரி என்று நினைக்கிறேன். கேம் வாங்கியவர்களில் எத்தனை பேர் டிஎல்சி வாங்கினார்கள் என்ற விகிதத்தைக் கேமை வெளியிடும் நிறுவனங்கள் கவனிக்கின்றன. இரண்டையும் ஒதுக்கினால், ‘இந்த வகைக் கேமே ஓடவில்லை’ என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு அந்தக் குழுவின் அடுத்த கேமை ரத்து செய்யவும் கூடும். கேமை வாங்கி டிஎல்சியை விட்டால் செய்தி தெளிவாகப் போய்ச் சேரும்.

விதிவிலக்கு, நியாயம் பிரிக்கும் கேள்வியில் சொன்ன முதல் சோதனையிலேயே தோற்கும் கேம்கள். டிஎல்சி இல்லாமல் குறையாக நிற்கும் என்று தெரிந்தால், முழுத் தொகுப்பு விலை குறைந்து வரும்வரை காத்திருங்கள். தி விட்சர் 3-இன் இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்த தொகுப்பு கேம் வந்த அடுத்த வருடமே கிடைத்தது. அவர்கள் முதல் நாளிலிருந்தே பதினாறு சிறு டிஎல்சிகளை இலவசமாகவும் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நண்பர்களோடு சேர்ந்து ஆடும் கேமில் ஒரு வருடம் காத்திருப்பது நடக்காது, அதற்குள் அவர்கள் வேறொன்றுக்குப் போயிருப்பார்கள். அங்கே மூல கேமை மட்டும் வாங்குங்கள். ஏன் டிஎல்சி வாங்கவில்லை என்பதைக் கடைப் பக்கத்தின் ரெவ்யூவில் இரண்டு வரி எழுதுங்கள். கிராஸ் டெக்கென் சர்ச்சைக்குப் பிறகு கேப்காம் டிஸ்க்கில் பூட்டி விற்கும் முறையை மறுபரிசீலனை செய்வதாகச் சொன்னது. 2016-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 வந்தபோது, புதுச் சண்டைக்காரர்களைக் காசு கொடுத்தும் வாங்கலாம், விளையாடிச் சேர்த்த நாணயத்திலும் வாங்கலாம் என்று வைத்திருந்தார்கள்.